கடைக் கம்ப்யூட்டரைக் கைவிட்ட தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், கடைக் கம்ப்யூட்டரைத் தவிர. அதற்குக் காரணம் நீ என்பதால் உன் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன்.

போன வாரம் எங்கள் ஸ்டிக்கர் கடைக்கு வாடிக்கையாளர்கள் படம் அனுப்பும் தளம், உங்கள் பிரௌசர் மிகப் பழையது என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டது, சரி, புதுப்பிப்போம் என்று போனால் முப்பத்திரண்டு பிட் என்ற பழைய ரகக் கம்ப்யூட்டருக்கு, அதை இயக்கும் லினக்ஸில் இனி புதிய பதிப்பே கிடையாதாம், இப்படி முடிவெடுத்த புண்ணியவான் யார் என்று தேடினால் அந்த லினக்ஸைத் தயாரிக்கும் தன்னார்வலர் குழுவின் இணையப் பக்கத்தில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். "கூடப் பொறந்தவனே குழி தோண்டிட்டானே!" என்றார் உன் அத்தான். வேறு வாங்கலாமே என்பாய். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினின் தடித்த கேபிள் இப்போது விற்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் நுழையாது. மெஷின் நின்றால் கடை நிற்கும், கடை நின்றால் உன் அத்தான் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். நிலைமை புரிகிறதா?

போனில் நீ பொறுமையாகத்தான் சொன்னாய். "அக்கா, ஒவ்வொரு புரோகிராமையும் அந்தப் பழைய ரகத்துக்குன்னு தனியா தயாரிச்சு, தனியா சோதிக்கணும். அதுல ஒண்ணு உதைச்சா எல்லாருக்கும் தள்ளிப்போகுது. சோதிக்க மெஷினும் இல்ல, அதைப் பாத்துக்கிட்டவரும் விலகிட்டாரு. இப்ப யாருமே அதை வச்சிக்கலக்கா."

"நான் வச்சிருக்கேனேடா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த சூட்டோடு ஒருவர் வந்து காப்பி நிற ஸ்டிக்கர் ஷீட் கேட்டார். "அதை இப்ப வாங்கி வைக்கிறதில்லைங்க, யாரும் கேக்கறதில்ல" என்றேன். "நான் கேக்கறேனேம்மா!" என்றார். ஒரு சுருள் வாங்கினால் முக்கால்வாசி பசை காய்ந்து வீணாகிறது, அலமாரியில் இடத்தை வேறு அடைக்கிறது என்று நான் விளக்க விளக்க, அச்சு அசலாக உன் குரல். உள்ளேயிருந்து உன் அத்தான் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் பயந்து போய்விட்டார்.

ஆகவே, உன் பக்கம் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால் மன்னித்துவிடுவேன் என்று நினைக்காதே. உன் மனைவிக்கும் குட்டிக்கும் முழு ஆசி, உனக்குப் பாதி.

இப்படிக்கு,
கைவிடப்பட்ட அக்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன், பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கென்று உங்கள் குழு போட்டிருக்கும் உதவிப் பக்கத்தைப் படித்து, அதில் சொன்ன கட்டளையை அடித்துப் பார்த்தேன். நம் கம்ப்யூட்டரின் பிராசஸர் ஆரம்பத்திலிருந்தே புது ரகமான அறுபத்துநான்கு பிட்டாம்! புது லினக்ஸ் ஏறிவிட்டது, மெஷின் ஜம்மென்று வெட்டுகிறது. "அப்ப இதுல முப்பத்திரண்டு பிட் லினக்ஸைப் போட்ட மேதாவி யாரு?" என்கிறார் உன் அத்தான். கடை திறந்த அன்று, "நீ கை வைக்காதக்கா, எனக்குத் தெரியும்" என்றவன் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. உடனே போன் பண்ணு.