நல்லதுக்குத்தான் சொல்றேன்

படம் முடிந்து விளக்கு போட்டதும் டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி அவர் காதைக் கடித்தாள்.

"நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க. இன்னிக்காவது அவ வீட்டுக்கு வரட்டும்."

மகள் எடுத்த முதல் படம். ஒரு சின்னப் பெண் வளர்ந்து ஆளாகிற கதை. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள் இதற்காவது கூப்பிட்டாளே என்று மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். எப்படியாவது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வேறு ஆசை கிடையாது.

வாசலில் படக்குழுவோடு மகள் நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா."

"அவ்வளவுதானாப்பா?"

போச்சு, குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று பதறிப்போனார். "பிரமாதம்! அந்தப் பொண்ணு பந்தயத்துல ரெண்டாவதா வந்துட்டு, கப்பைத் தூக்கிக்கிட்டு அப்பாகிட்ட ஓடி வருதே, அழுதுட்டேன்."

மகள் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கிற ஆளுக்குத் தன் வாய்க்குப் போடத் தெரியவில்லை.

"ஆனா அந்த அப்பன் இருக்கானே, 'முதல்ல வந்தது யாரு'ன்னு கேக்கிறான். அவனெல்லாம் ஒரு தகப்பனா?"

மனைவி காலை மிதித்தாள். மகள் முகம் சுருங்கிவிட்டது. படத்தைக் குறை சொன்னதாக நினைத்துவிட்டாளோ என்று சமாளிக்கப் பார்த்தார்.

"நடிச்சவர் மேல தப்பில்லம்மா. நீ எழுதினதுதான் கொஞ்சம் ஓவர். இப்படி ஒரு ஜென்மம் எங்கேயாவது இருக்குமா? அடுத்த படத்துல பார்த்து எழுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். படத்தில் அந்த அப்பன் மூச்சுக்கு மூச்சு சொல்கிற வசனம் அது. நாம் நடித்துக் காட்டியதாக நினைத்துக்கொண்டார்கள் போல என்று அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

மகள் சிரிக்கவில்லை. "நீங்க கிளம்புங்கப்பா. எனக்கு வேலை இருக்கு," என்று உள்ளே போய்விட்டாள். மனைவி ஆட்டோ பிடிக்கப் போனாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற படத்தொகுப்பாளரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க சார். அந்த அப்பன் ஓவர்தானே?"

தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"பாதிதான் சார் வச்சிருக்கோம். 'மீதியை வெட்டிடுங்க, எங்கப்பா பார்க்க வருவாரு, தாங்க மாட்டாரு'ன்னு உங்க பொண்ணுதான் சொன்னாங்க."