கமாண்டர் பெல்லமியின் வெங்காயக் கொல்லை

மக்கள் நலனில் கண்ணும் கருத்துமாக உள்ள அரசு, பட்டாக்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது. ஏற்றி முடித்தபோது, ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கிழக்கே மருதாயி குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சின்ன வெங்காயம் போட்டுவரும் இரண்டு ஏக்கர், "லெப்டினன்ட் ஆர்தர் பெல்லமி, பிரிட்டிஷ் கடற்படை" என்பவருக்குச் சொந்தமாகிவிட்டது.

குற்றம் கம்ப்யூட்டருடையது அல்ல. 1908-ல் அந்தத் துரை விடுப்பில் கோட்டை பார்க்க வந்து, அந்தக் கொல்லையில் இரண்டு நாள் கூடாரம் அடித்திருந்தார். அன்றைக்குப் பார்த்து நிலம் அளக்க வந்த கணக்குப்பிள்ளை, துரை உட்கார்ந்திருக்கும் மண்ணுக்கு இன்னொருவன் பெயரை எழுதுவது மரியாதையாக இருக்காது என்று நினைத்துவிட்டார். பின்னால் வந்த திருத்தங்களைக் கறையான் பார்த்துக்கொண்டது.

மருதாயிக்குக் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்குப் பட்டா வேண்டும். இன்னும் மூன்று வாரத்தில் தண்ணீர் பாயாவிட்டால் வெங்காயம் கருகிவிடும். மகள் இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

"பட்டாதாரர் கையெழுத்துப் போடணும்மா," என்றார் துணை வட்டாட்சியர் பிரேம்குமார்.

"அவரு செத்து எத்தினி வருசம் ஆச்சோ சார்!"

"நீங்க பாத்தீங்களா? இறப்புச் சான்று கொண்டாங்க."

இலக்கியா லண்டனுக்கு மெயில் போட்டு, துரையின் பணிப்பதிவேட்டை வரவழைத்தாள். பிரேம்குமார் வாசித்தார். பதின்மூன்று வயதில் பணியில் சேர்ந்திருக்கிறார். 1910-ல் ஒரு கப்பலைப் பாறையில் ஏற்றியிருக்கிறார். விசாரணை, கடும் எச்சரிக்கை. ஆறே வருடத்தில் கமாண்டர்.

"சார்ஜ் மெமோ வாங்கிட்டு புரமோஷனா!" ஆபீஸே கூடிவிட்டது. உதவியாளர் முத்துவேலுக்குக் கண் கலங்கியது. அவர்மீதான மெமோ ஒன்பது வருடமாக நிலுவையில் இருந்தது.

"சார், 1922-ஓட முடிஞ்சிடுது பாருங்க," என்றாள் இலக்கியா.

"ஓய்வு பெற்றார்னுதான் இருக்கு. ரிட்டயர் ஆனா செத்துட்டாருன்னு அர்த்தமா? எங்கப்பா ரிட்டயர் ஆயிட்டு வாக்கிங் போறாரு."

"அவருக்கு நூத்தி நாப்பது வயசு சார்!"

"வயச வச்சு ஒரு ஆள சாகடிக்க ரூல் இல்லம்மா."

மருதாயிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அந்த ஆளு பேர்லயே எழுதுங்கண்ணே," என்றாள்.

எழுதினேன். "கமாண்டர் பெல்லமி (ஓய்வு) ஆகிய நான், கடல் நிமித்தம் வெளியூரில் இருப்பதால், என் குத்தகைதாரர் மருதாயி வசம் மின் இணைப்பு வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்தையும் நானே போட்டேன்.

பிரேம்குமார் அந்த மனுவை எழுந்து நின்று வாங்கினார். நான்காம் நாள் கம்பம் நட்டார்கள். வெங்காயம் பிழைத்தது. சொந்தக் கொல்லையில் குத்தகைக்காரி ஆனதைப் பற்றிக் கேட்டேன். "வெங்காயத்துக்குத் தண்ணிதாண்ணே தெரியும், பட்டாவா தெரியும்?" என்றாள்.

மறுவாரம் என் முன்னால் வரிசை. பதினோரு வருடமாகப் பட்டாவுக்கு அலைந்த அய்யம்பெருமாள்தான் முதல் ஆள். "எனக்கும் தொரை பேர்லயே மாத்திக் குடுத்துடுங்க," என்றார். அவருக்கும் எழுதினேன், ஊருக்கே எழுதினேன். கடைசியில் என் வீட்டு மனைக்கும் ஒன்று எழுதினேன். எல்லாம் ஒரே வாரத்தில் ஆகிவிட்டது.

இப்போது எங்கள் ஊரில் கமாண்டரைத் தவிர யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. வரும் சுதந்திர தினத்தில் கொடியேற்ற அவரையே அழைப்பதென்று கிராமசபையில் தீர்மானம் போட்டோம். நான்தான் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.