விமானம் தவிர எல்லாம் தயார்

“மோசமான வானிலை காரணமாக...” என்று மேலாளர் மைக்கில் ஆரம்பித்தபோது, கண்ணாடிச் சுவர் வழியாக வந்த வெயிலில் அவருக்கே கண் கூசியது. ஒரு கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார்.

“எந்த ஊரு வானிலை சார்?” என்றார் வரிசையின் முன்னால் நின்ற சஃபாரி உடைக்காரர்.

“நீங்க போற ஊருல சார். அங்க பேய் மழை.”

கைக்குழந்தையோடு நின்ற பெண் உடனே போனைக் காதில் வைத்தாள். “அக்கா, அங்க மழையா? என்னது, வடகம் மாதிரி துணியெல்லாம் மொறுமொறுன்னு காயுதா?”

சஃபாரிக்காரர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், கூடம் முழுக்கக் கூச்சல். கையை இறக்கினார். அடங்கிவிட்டது. பிறவித் தலைவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மேலாளர் உள்ளறைக்கு ஓடினார்.

வானிலையில் ஒரு கோளாறும் இல்லை. விமானம்தான் இல்லை. கம்பெனியிடம் மிச்சமிருந்த ஒரே விமானத்தை அதை வாடகைக்கு விட்டவர்கள் இன்று காலை வேறோர் ஊரில் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு மூன்று விமானங்கள் இருந்தன. ‘நாடே பறக்கட்டும்!’ என்று ஊரெல்லாம் பலகை. தொடக்க விழாவுக்கு முதலாளி பைலட் உடையிலேயே வந்து, படிக்கட்டின் உச்சியில் நின்று கையசைத்துவிட்டு இறங்கிக் காரில் போய்விட்டார். அவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. டிக்கெட் பஸ்ஸை விட மலிவு. அதற்குப் பதிலாக, உள்ளே தண்ணீருக்குத் தனிக் காசு, ஜன்னலுக்குத் தனிக் காசு, சாய்கிற சீட்டுக்குத் தனிக் காசு. ஆளிலும் அதே சிக்கனம். டிக்கெட் பார்ப்பவரே மைக்கில் பேசுவார். அவரே பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டி தூக்குவார். பிறகு டை கட்டிக்கொண்டு வாசலில் வணக்கம் வைப்பார். அந்த ‘அவர்’தான் நம் மேலாளர்.

பிறகு ஒரு விமானம் வாடகைப் பாக்கியில் போயிற்று. இன்னொன்றிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மூன்றாவதைப் பறக்கவிட்டார்கள். கழற்றப்பட்டது மைதானத்தின் மூலையில், எஞ்சின் இல்லாமல், பல்செட்டைக் கழற்றிய வாயோடு நின்றுகொண்டிருந்தது. பயணிகளும் ஏழெட்டுப் பேராகக் குறைந்துவிட்டார்கள். இன்றைக்கு என்னவோ அதிசயமாக ஒரு சீட் பாக்கியில்லை. இன்றைக்குப் பார்த்துத்தானா சங்கிலி!

முதலாளி போனில் வந்தார். “யோவ், கம்பெனியை வாங்கறவரு மத்தியானம் அங்க வர்றாரு. அவர் வர்றப்போ கூட்டம் இருக்கணும்.”

“பிளேன் சார்?”

“அதை யாருய்யா இப்போ கேட்டா?” வைத்துவிட்டார்.

வைத்த சூட்டோடு மனைவி. “என்னங்க, உங்க பிளேனைக் கட்டிப் போட்டிருக்காங்கன்னு டிவில காட்டறாங்களாமே? அப்பா கேக்கறாரு, நாற்காலிக்குக் குஷன் போடணுமா, வேணாமா?”

மேலாளர் போனை வைத்துவிட்டார். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர் வேலையை உதறிவிட்டு அவர் விமானத்துக்கு வந்தபோதே, மாமனார் தன் டயர் கடையில் ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டுவிட்டார். “எப்பவா இருந்தாலும் மாப்ளே இங்கதானே வரணும்” என்று அதை வாரம் ஒருமுறை துடைத்தும் வைக்கிறார். கம்பெனி கைமாறினால் மேலாளர் தப்பினார். மூழ்கினால், ஆயுள் முழுக்க ரப்பர் வாசனையில் மாமனாரின் வலப்பக்கம்.

டிவி என்றதும்தான் கூடத்திலும் ஒரு டிவி இருப்பது நினைவுக்கு வந்தது. பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். டிவி அணைந்தது. கூடவே ஏசியும் அணைந்தது. மறுபடி செருகினார். டிவி மட்டும் வந்தது. பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“வானிலையை உள்ளயும் கொண்டாந்துட்டீங்களா?” என்றார் சஃபாரிக்காரர், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. கை உயர்ந்தது. கூச்சல்.

மேலாளர் கையில் பிளக்கோடு கத்தினார். “உண்மையைச் சொல்லிடறேன்! பைலட்டுக்குக் காய்ச்சல்!”

“அடப் பாவமே” என்று ஓர் ஒல்லி ஆசாமி முன்னால் வந்தார். “நான் டாக்டர்தான். ஆளைக் காட்டுங்க.”

மேலாளர் கவுண்டர் பெண்ணைப் பார்த்தார். கவுண்டர் வேலைக்கு மிஞ்சியிருந்த ஒரே ஊழியர் அவள்தான். அவள் தலையைக் குனிந்து கிசுகிசுத்தாள். “நம்ம பஸ் டிரைவர் வெள்ளைச் சட்டைதான் சார் போட்டிருக்காரு. முதலாளி விழாவுக்குப் போட்ட தொப்பி அலமாரில இருக்கு.”

விமானம் வரை பயணிகளை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர், தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்குப் பறக்கத் தெரியாதே சார்.”

“உன்னை யாருய்யா பறக்கச் சொன்னா? படுக்கத்தானே சொல்றேன். அந்த பெஞ்சில படுத்து முனகு.”

டிரைவர் படுத்தார். முனகினார். டாக்டர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு கூடத்தைப் பார்த்து அறிவித்தார்: “ஒரு குறையும் இல்லை. குத்துக்கல் மாதிரி இருக்காரு. தாராளமா ஓட்டலாம்!”

கூடமே கைதட்டியது. பிறந்ததிலிருந்து ஒருவரும் தனக்குக் கைதட்டாத டிரைவர், துள்ளி எழுந்து ஒரு சல்யூட் வைத்தார். “அப்போ கெளம்பலாமா?”

“படுபாவி” என்றார் மேலாளர், உதடு அசையாமல்.

இனி ஏற்றாமல் முடியாது. எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. பெட்டிகள்கூட, தூக்கிய கைக்குத் தெரியாதபடி லேசு. அப்போதுதான் உறைத்தது, பஸ் டிரைவர் இப்போது பைலட். மேலாளர் டையைக் கழற்றிவிட்டுப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

“நீங்கதானே மைக்கில பேசினது?” என்றாள் கைக்குழந்தைக்காரி.

“அது எங்க அண்ணன்மா.”

டிப்போவில் பஸ் போகிற நேரத்தை எழுதியவர்தானே தவிர, பஸ்ஸை ஓட்டியவர் அல்ல. வண்டி கழுத்தைப் பிடித்த கோழி போலத் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

“கிளட்சு! கிளட்சை மிதிங்க சார்!” முன்சீட்டில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவரால் பொறுக்க முடியவில்லை.

“பைலட்டுக்கு பஸ்ஸும் அத்துப்படி போலிருக்கே” என்று வியந்தார் டாக்டர்.

மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கே நிறுத்துவது? நிறுத்தினால் இறங்குவார்கள், இறங்கினால் விமானம் எங்கே என்பார்கள். இன்னொரு சுற்று. மூலையில் எஞ்சின் இல்லாத விமானம் வந்தது.

“அதுதான் நம்ம பிளேனா?”

“இல்லைம்மா, அது ரிட்டயர் ஆயிடுச்சு.”

“ஏம்ப்பா, இந்தத் தண்ணித் தொட்டியை நான் ஏற்கெனவே பாத்தேனே?” என்றார் சஃபாரிக்காரர்.

“இங்க நிறைய தொட்டி சார்.”

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மணியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், டீசல் முள்ளைப் பார்த்தார். முள் படுத்துவிட்டிருந்தது. பஸ் இரண்டு முறை இருமி, அப்போதுதான் உள்ளே வந்த ஒரு நீளமான காரின் மூக்கருகே உயிரை விட்டது.

காரிலிருந்து கம்பெனியை வாங்க வந்தவர் இறங்கினார். பருத்த உடம்பு, சின்னக் குரல். பஸ் படியில் ஏறி நின்று உள்ளே பார்த்தார்.

“எப்போலேருந்து காத்திருக்காங்க?”

“காலையிலேருந்து சார்.”

“பிளேன் எங்க?”

மேலாளர் ஒரு பொய்யைத் தேடினார். இருந்ததெல்லாம் செலவாகிவிட்டிருந்தது. “இல்லைங்க சார்.”

“இல்லைன்னு தெரிஞ்சுமா இத்தனை பேரு ஒக்காந்திருக்காங்க?”

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். குஷன் போட்ட நாற்காலி தெரிந்தது. அப்போது சஃபாரிக்காரர் எழுந்து கையைத் தூக்கினார்.

“வேற எந்தக் கம்பெனி பிளேன்லயும் ஏற மாட்டோம்!”

“ஏற மாட்டோம்! ஏற மாட்டோம்!” பஸ் அதிர்ந்தது. டாக்டர் நரம்பு புடைக்கக் கத்தினார். கைக்குழந்தைக்காரி அழுதாள். குழந்தையும் அழுதது. பைலட்டும் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வந்தவர் இன்னொரு படி ஏறி உள்ளே வந்தார். பிறகு மேலாளரின் தோளில் கை வைத்தார்.

“என்கிட்ட பிளேன் வரிசையா நிக்குது தம்பி. ஏறத்தான் ஆளு இல்லை. உங்க கம்பெனியில எனக்கு எதுவும் வேணாம், இந்த ஜனங்க போதும். இப்பவே கையெழுத்துப் போடறேன். நீங்கதான் எனக்கும் மேனேஜர்.”

மேலாளரின் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மேலாளர் வீட்டுக்குப் போன் செய்தார். “குஷன் வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு. நாற்காலியையே வித்துடச் சொல்லு!” அடுத்து முதலாளிக்குச் சொன்னார். “முடிஞ்சுது சார். ஜனங்களா சார் அவங்க, தங்கம்!”

“அப்படியா? நல்லா கத்தினாங்களா?” என்றார் முதலாளி.

என்ன கேள்வி இது என்று யோசிக்கக்கூட மேலாளருக்குப் பொழுதில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. பஸ் படியில் ஏறி, அங்கியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொன்னார்:

“உங்க உதவியை உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன். புதுக் கம்பெனியோட முதல் பிளேன்ல, நாளைக்கு, நீங்க எல்லாரும் இலவசமா வரணும்!”

ஒருவரும் கைதட்டவில்லை. சஃபாரிக்காரர் கொட்டாவி விட்டார். கைக்குழந்தைக்காரி குழந்தையைப் பின்சீட்டுப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கும் நாங்க வேணும்னா உங்க முதலாளியைத் தனியா பேசச் சொல்லுங்க சார், இன்னிக்கு எங்களுக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் கூலி பேசியிருக்காரு, ஆறு மணிக்குக் கட்சிக் கூட்டத்துல நாங்கதான் பொதுமக்கள்.”