வங்காநரி ஒத்துழைக்கவில்லை

மனித குல வரலாற்றை நெருப்புக்கு முன், நெருப்புக்குப் பின் என்று பிரிப்பது பழைய வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை அறுநூறு எம்எம் லென்ஸுக்கு முன், லென்ஸுக்குப் பின் என்று பிரிப்பதுதான் நியாயம். லென்ஸுக்கு முன் இங்கே விலங்குகள் சும்மா இருந்தன. லென்ஸுக்குப் பின்தான் அவற்றுக்கு 'ஆர்வலர்கள்' கிடைத்தார்கள்.

ஆர்வலர்களில் தலையாயவர் திருச்செங்கோடு சபரிநாதன். ரிக் லாரி வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆறு மாநிலங்களில் போர்வெல் போட்டவர். ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே பூமி என்ன நிறம் என்று அறிந்தவர். ஐம்பது வயதில் ரத்த அழுத்தம் ஏறி, "மனசுக்குப் புடிச்சதா ஏதாச்சும் செய்யுங்க" என்று டாக்டர் சொன்னதும், இயற்கையை நேசிப்பது என்று முடிவெடுத்தார். மறுநாளே லென்ஸ் வந்துவிட்டது. அதைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்து அவர் நடப்பதைப் பார்த்த மனைவி தனப்பிரியா, "மைதிலியக்கூட நீங்க இப்படித் தூக்குனதில்லைங்க" என்றார். மைதிலி அவர்களுடைய மகள்.

ஆனால் 'வனவுயிர் ஒளிப்பட ஆர்வலர் பேரவை'யில் அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. மற்றவர்களிடம் சிறுத்தை, காட்டெருமை எல்லாம் இருந்தன. இவரிடம் மயில் மட்டுமே இருந்தது. பேரவையின் வாட்ஸ்அப் குரூப்பில் மயில் படம் போட்டால் ஒருவரும் கட்டைவிரல்கூடக் காட்டுவதில்லை. பேரவைச் செயலாளர் ஜெயபிரகாஷ் நாமக்கல்லில் இரண்டு லட்சம் கோழி வளர்ப்பவர். அவர் ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"சபரி, மயிலெல்லாம் வனவுயிர்ல சேராதுங்க. அது கோழி. கோழியப் பத்தி எனக்குத் தெரியாததா?"

அன்றிரவு சபரிநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. பேரவையில் எவர் கண்ணிலும் படாத ஒன்றைப் பிடித்தே தீர்வது என்று உறுதி கொண்டார். அதுதான் வங்காநரி. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது, வால் நுனி கறுப்பு, ஆளைக் கண்டால் புகைபோல மறைந்துவிடும். அதன் முகத்தில் விழித்தால் அந்த வருடம் முழுக்க நல்லது நடக்கும் என்று சேலத்துப் பக்கம் நம்பிக்கை உண்டு.

பங்குனி மாதம் மேச்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில், செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த பொன்னாயியைக் கண்டார்.

"ஏனுங்கக்கா, இந்தப் பக்கம் வங்காநரி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இப்பத்தான் அந்தச் சூரைப்புதருக்குள்ள போச்சு. நாலு குட்டி போட்டிருக்குது." பக்கத்து வீட்டில் பிரசவமானதைச் சொல்வதுபோல முகம் மலரச் சொன்னார் பொன்னாயி.

"உங்களப் பாத்தா ஓடாதுங்களா?"

"எதுக்குங்க ஓடோணும்? நான் என் ஆட்டப் பாக்கறேன், அது அதும் பொழப்பப் பாக்குது."

இந்த வழிமுறை அறிவியல்பூர்வமானதாகச் சபரிநாதனுக்குத் தோன்றவில்லை. நரியைப் பார்க்கவேண்டுமானால் முதலில் அது நம்மைப் பார்க்கக் கூடாது. எனவே அடுத்த ஞாயிறு விடிந்ததும், தலைமுதல் கால்வரை இலைப் படம் போட்ட பச்சை உடுப்பில் எட்டு ஆர்வலர்கள் கரட்டுக்கு வந்து குப்புறப் படுத்தார்கள். அந்த வெயிலில், அந்தச் செம்மண்ணில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சையாக இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். பொன்னாயியின் ஆடுகள் வெகு ஆவலாக வந்து சேர்ந்தன. ஜெயபிரகாஷின் தொப்பியில் பாதி போனது. நரி வரவில்லை.

இரண்டு ஞாயிறு இப்படிக் கழிந்தபின் பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது. 'வங்காநரி தொடர்ந்து ஒத்துழைக்க மறுப்பதை இக்கூட்டம் வருத்தத்துடன் பதிவு செய்கிறது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நரிக்கு 'ஊக்கம்' அளிக்கும் பொறுப்பைச் செயலாளர் ஏற்றார். மறுவாரம் உரித்த கோழி பத்து, புதருக்குள் இருந்த நரி வளைக்கு எதிரே வைக்கப்பட்டது. வாசம் பிடித்துச் சுற்றுவட்டாரத்து நாய்கள் வந்தன. கோழி தீர்ந்த பிறகும் அவை போகாமல் வளையை மோந்து மோந்து தோண்டின. பொன்னாயிதான் கல்லெடுத்துத் துரத்தினார்.

"ஏனுங்க சாமி, குட்டி இருக்கற எடத்துல நாயக் கூட்டி உட்டிருக்கீங்களே" என்றார்.

"ஒரே ஒரு படம்தானுங்கக்கா" என்றார் சபரிநாதன். அவர் மனதாரத்தான் சொன்னார்.

மீதி இருந்தது ஒரே இடைஞ்சல், அந்தச் சூரைப்புதர். எந்தப் பக்கம் படுத்தாலும் முள் மறைத்தது. பூமியில் எது மறைத்தாலும் அதை அகற்றியே வாழ்ந்தவர் சபரிநாதன். வெள்ளிக்கிழமை காலை பொக்லைன் வந்தது. 'காட்சித் தடை நீக்கம்' அரை மணியில் முடிந்தது. வளையின் வாய், துடைத்த தட்டுபோல வெயிலில் கிடந்தது.

மறுநாள் காலை அது நடந்தது. சபரிநாதன் தனியாகப் படுத்திருந்தார். வளைக்குள்ளிருந்து முதலில் காது, பிறகு முகம். தாய் நரி. வாயில் ஒரு குட்டியைக் கழுத்தோடு கவ்வியிருந்தது. வெளியே வந்தது, நின்றது, நேராக லென்ஸைப் பார்த்தது. அவருக்கு மூச்சு நின்றுபோனது. விரல் மட்டும் நிற்கவில்லை. இருநூற்று முப்பது படம். நரி வெட்டவெளியில் ஓடி ரோட்டைத் தாண்டி மறைந்ததும், அவர் லென்ஸைக் கட்டிக்கொண்டு அழுதார். இயற்கை தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தார்.

படத்துக்குத் 'தாய்ப்பாசம்' என்று பெயர் வைத்தார்கள். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடை முழுக்க அந்தப் படம், ஆள் உயரத்துக்கு. சபரிநாதனுக்கு 'வாழ்விடக் காவலர்' பட்டமும் கேடயமும் தரப்பட்டன. வழிகாட்டிய பொன்னாயிக்குச் சால்வை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தார் ஜெயபிரகாஷ். பொன்னாயி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குதுங்க. இது நாலாவது குட்டி. மத்த மூணையும் அதுக்கு முந்தியே தூக்கிட்டுப் போயிருச்சு."

"எங்கீங்க தூக்கிட்டுப் போச்சு?" என்று கேட்டார் ஜெயபிரகாஷ்.

"வேற எடத்துக்குங்க. இது கொஞ்சறதில்லீங்க சாமி. ஊட்டக் காலி பண்ணிட்டுப் போகுது. ரோட்டத் தாண்டறப்ப ஒரு குட்டி வாயிலிருந்து நழுவி லாரில மாட்டிக்கிச்சு. நாந்தான் குழி தோண்டிப் பொதச்சேன்."

மண்டபத்தில் யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள். சபரிநாதன் கேடயத்தோடு திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். நரியின் கண்கள் அகன்றிருந்தன. காதுகள் பின்னால் ஒடுங்கியிருந்தன. இத்தனை நாளும் அதை அவர் பாசம் என்றே பார்த்திருந்தார். கேடயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஜெயபிரகாஷ் நிலைமையைச் சமாளித்தார். எத்தனையோ நெருக்கடிகளில் பேரவையைக் காத்தவர் அல்லவா.

"பொன்னாயக்கா சொன்னது நம்ம எல்லாரையும் உலுக்கிருச்சுங்க. மிச்சம் இருக்கற அந்த மூணு குட்டியையும் காப்பாத்தற பொறுப்ப நம்ம பேரவை இன்னிக்கே ஏத்துக்குது. அக்கா, இப்ப அது எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமையே எல்லாரும் வாரோம்."

கீழே முதல் மூன்று வரிசைகளில் நோட்டும் செல்போனும் வெளியே வந்தன.

பொன்னாயி சால்வையை எடுத்து மடித்து, மைக்கோடு சேர்த்து ஜெயபிரகாஷின் கையிலேயே கொடுத்தார்.

"வேண்டாமுங்க சாமி. நீங்க ஒருக்காக் காப்பாத்துனதே நெம்பப் போதும்."