ஒரிஜினல் மாமாவின் முன் கண்ணாடி

பதுளையில் இதுவரை பிறந்தவர்களில் மகா பிடிவாதக்காரர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ஒரிஜினல் மாமாதான் ஜெயிப்பார். ஆனால் பரிசை வாங்க மாட்டார். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ஒரிஜினல் வெள்ளியா?" என்று கேட்பார். இல்லை என்று தெரிந்ததும் அதை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

போன மாதம் கொழும்பில் என் காரின் முன் கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். "கம்பனிக் கண்ணாடியே வேணுமா மேடம், இல்லாட்டி வெளியில செஞ்சது போடவா?" என்று கடைக்காரர் கேட்டார். ரொம்பச் சாதாரணமான கேள்வி. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மனுசன் பயந்துபோய் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரிஜினல் மாமா பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. நம்பர் தகட்டில் 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட, அந்தக் காலத்து ஜப்பான் கார். நிறம் ஒரு காலத்தில் நீலமாக இருந்ததாம். அதில் ஒரு ஆணி கழன்று விழுந்தாலும் ஜப்பானில் செய்த ஆணிதான் ஏற வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஆணி இல்லாமலே வண்டி ஓடும்.

அப்படித்தான் ஹோர்ன் செத்துப்போனது. ஒரிஜினல் ஹோர்ன் கிடைக்கவில்லை. "கண்ட கண்ட ஹோர்ன மாட்டுனா வண்டி குரலே மாறிப்போகும்" என்று மாமா சொல்லிவிட்டார். பசறை ரோடு எப்படிப்பட்ட ரோடு என்று போனவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்காவிட்டால் கதை கந்தல். மாமா என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி, "வர்றேன்! வர்றேன்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். எதிரே வரும் பஸ் டிரைவர்களுக்கு அது பழகிவிட்டது. தமிழ் தெரியாதவர்கள்கூட அந்தச் சத்தம் கேட்டால் ஓரம் கட்டினார்கள். ஒரு குறும்புக்கார டிரைவர் மட்டும் பதிலுக்கு, "வாங்க! வாங்க!" என்று கத்துவார்.

முன் பல் விழுந்தபோது டாக்டர் பல் கட்டிக்கொள்ளச் சொன்னார். "டாக்டரையா, காருக்கே டூப்ளிகேட் போடாதவன் நானு. வாய்க்குப் போடுவேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதிலிருந்து முறுக்கைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பாத்தேன், செட் ஆகல" என்பார், கியர் பெட்டியைப் பற்றிச் சொல்வது போல.

இந்த மகானுடைய காரின் பின் சீட்டில்தான் நான் பிறந்தேன்.

அப்பா அப்போது பசறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர். அம்மாவுக்கு வலி எடுத்த நேரம் தோட்டத்து லொறி இல்லை. யாரையோ இறக்கிவிட வந்திருந்த மாமாவின் கார்தான் கிடைத்தது. பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. முனியாண்டி கோயில் வளைவிலேயே வந்துவிட்டேன். பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து பார்த்துக்கொண்டார்கள். மாமா நடு ரோட்டில் கையை விரித்து நின்று, இரண்டு பக்கமும் ஒரு வண்டியைக்கூட விடவில்லையாம்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் துணை இல்லை. அன்றைக்கே அந்த வேலையை மாமா தானாக எடுத்துக்கொண்டார். காது குத்தும்போது என்னை மடியில் வைத்தது அவர்தான். பெரிய மனுசியான சடங்குக்குத் தாய்மாமன் சீர் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். அதெல்லாம் சரி. பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, காரில் இருக்கும் ஆட்களிடம் என்னைக் காட்டி, "அந்தா நிக்குது பாருங்க, என் பின் சீட்ல பொறந்த புள்ள!" என்று கத்துவாரே, அந்த மானக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல? சிநேகிதிகள் சிரித்துச் சிரித்து விழுவார்கள். நான் புத்தகப் பையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

"தங்கச்சி, நம்ம புள்ள கல்யாணத்துக்கும் என் கார்லதான் போகணும். வந்த வண்டியிலயே போகட்டும்" என்று அம்மாவிடம் அவர் சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் அது சட்டமாகவே ஆகிவிட்டது.

எனக்கு ஹல்துமுல்லையில் மாப்பிள்ளை அமைந்தது. பதுளையில் மண்டபம் பிடித்தாயிற்று. கல்யாண வாரத்தில் ஒருநாள் பந்தல் சாமான் ஏற்றிவந்த மாமா, எங்கள் குவாட்டர்ஸ் பலா மரத்தடியில் காரை விட்டுவிட்டு, உள்ளே முறுக்கை ஊறவைத்துக்கொண்டிருந்தார். வெளியே 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மரத்தில் ஒரு குரங்கு. காருக்குள்ளே, டிரைவர் சீட்டில், ஒரு முழுப் பலாக்காய் உட்கார்ந்திருந்தது. முன் கண்ணாடி தூள் தூள்.

அந்தப் பலாக்காயை அம்மா கறி வைத்தாள். மாமா தொடவில்லை. "கொலைகாரப் பயல நான் திங்கமாட்டேன் தங்கச்சி" என்று இலையை மூடிவிட்டார்.

பதுளையில் கார்க் கண்ணாடி போடும் முஸ்லிம் கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் அப்பாவும் மாமாவும் போனார்கள்.

"ஒரிஜினல் இப்ப எங்க அண்ணே இருக்கு? இந்தக் கார் செய்யிறதயே நிப்பாட்டிட்டாங்களே" என்றார் நானா. "வெளியில செஞ்சது ஒண்ணு இருக்கு. அளவு அச்சா சரி."

"ரோடு தெரியுமா?"

"தெரியாம? இதுவும் கண்ணாடிதானே. ஓரத்துல மட்டும் லேசா அலை அடிச்ச மாதிரி இருக்கும்."

"அலையா? நான் என்ன கடல்லயா வண்டி ஓட்டுறேன்?" என்று மாமா வெளியே வந்துவிட்டார்.

கார் உடைந்த செய்தி எப்படியோ ஹல்துமுல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். புது வேன் அனுப்புகிறார்களாம், ஏசி போட்டு, பூ எல்லாம் கட்டி. "சரிங்க, சந்தோசங்க" என்று அப்பா போனை வைத்தார். பக்கத்தில் நின்ற மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கிளாக்கரையா, கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் டைம் குடுங்க. அன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள கண்ணாடி ஏறலன்னா, புள்ளய வேன்ல ஏத்துங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றார்.

மறுநாளே கொழும்புக்குப் புறப்பட்டார். கூட அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார். பெண்ணின் தகப்பனுக்குக் கல்யாண வாரத்தில் வேறு வேலை இல்லையா என்று அம்மா கத்தியது பசறை வரைக்கும் கேட்டிருக்கும். பழைய கார்களைக் கழற்றி விற்கும் கடைகளில் சந்து சந்தாக அலைந்து, கடைசியில் ஒரு மூலையில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஜப்பான் கண்ணாடி. ஓரத்தில் கம்பனி முத்திரை. மாமா அந்த முத்திரைக்கு ஒரு முத்தம் கொடுத்தாராம். கடைக்காரர் உடனே விலையை ஏற்றிவிட்டார்.

அதை லொறியில் போட அவருக்கு மனம் வரவில்லை. பகல் ரயிலில், போர்வை சுற்றி, ஜன்னலோரச் சீட்டில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தார். ரயில் கார்ட் வந்து சாமான் பெட்டியில் போடச் சொன்னபோது டிக்கட்டை எடுத்து நீட்டினார். "இதுக்கும் டிக்கட் இருக்கு மாத்தயா. ஜன்னல் சீட்டு." நானுஓயாவில் ஏறிய வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு ஆள் அந்த ஜன்னலுக்கு மலையைப் படம் பிடிக்க வந்தார்கள். "தொடாமப் பாக்கச் சொல்லுங்க கிளாக்கரையா" என்றார். குகை வரும்போதெல்லாம் கண்ணாடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏன் என்று அப்பா கேட்டிருக்கிறார். "இருட்டுல எவனாவது மாத்திட்டா?"

அந்தப் பயணம் முழுக்கக் கண்ணாடியின் கீழ்ப் பக்கம் அப்பாவின் முழங்காலில்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்தால் அப்பா காலைத் தடவிக்கொள்வார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நானா கண்ணாடியை ஏற்றினார். அலுங்காமல் குலுங்காமல் ரப்பருக்குள் போய் உட்கார்ந்தது. மாமா எட்ட நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். புதுச் சாமான் ஏறினால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் நம்மவர்கள் வண்டியை எடுப்பார்களா?

தேங்காய்க் கடையில் இருந்த தேங்காய் அத்தனையையும் தட்டித் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டியா, ஒரிஜினல் நாட்டுத் தேங்காயா" ஒன்றைப் பொறுக்கினார். காரைக் கோயில் வாசலில் நிறுத்தி, தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றி, தலைக்கு மேல் தூக்கி, இருந்த சந்தோசத்தையெல்லாம் சேர்த்து, காருக்கு முன்னால் கிடந்த கல்லில் ஓங்கி அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. கல்லில் பட்டுப் பந்து போல எழும்பி நேரே போய்க் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி உடைந்தது. தேங்காய் அப்போதும் உடையவில்லை.

சாயங்காலம் அப்பா மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தார். "கண்ணாடி போட்டாச்சா?" என்று அம்மா கேட்டாள். அப்பா அந்த முழுத் தேங்காயை மேசையில் வைத்தார். விசயத்தைக் கேட்டதும் அம்மா முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணன் எங்கங்க?"

"கோயில் படியில உக்காந்திருக்காரு. கூப்புட்டேன், வரமாட்டேங்கிறாரு. வேன்லயே புள்ளய அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டாரு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குரங்கு மேல், தேங்காய் மேல், ஜப்பான் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பாழாய்ப்போன 'ஒரிஜினல்' மேல். எந்தக் கண்ணாடியாக இருந்தால் என்ன, அவர் கார் வேண்டும் எனக்கு. பள்ளிக்கூடத்து வாசலில் முகத்தை மூடிக்கொண்டவள்தான், அன்றைக்கு மருதாணிக் கையோடு விசும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வேன் வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, முல்லைச் சரம் கட்டி. கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது கீழே தேயிலை மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"வர்றேன்! வர்றேன்!"

வைத்த காலை எடுத்துவிட்டேன். அடுத்த வளைவிலும் அதே சத்தம், இன்னும் பெரிதாக. கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு அந்தப் பழைய நீலக் கார் ஏறி வந்து வேனுக்கு முன்னால் நின்றது. மாமா பட்டு வேட்டியில் இறங்கினார். முன் கண்ணாடி முழுசாக இருந்தது. மூலையில் முத்திரை இல்லை. ஓரத்தில் எங்கள் வாசல் வாழை மரம் லேசாக நெளிந்து தெரிந்தது.

"அண்ணே, இது..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"டூப்ளிகேட்தான் தங்கச்சி. விடியங்காட்டி நானா வீட்டுக் கதவத் தட்டிப் போட்டேன். ஒண்ணும் கேக்காத. ஏறு."

அம்மாவும் நானும் ஏறினோம். வந்த வேனை வெறும் வேனாக அனுப்பினால் சம்பந்திக்கு மரியாதை இல்லை என்று அப்பா மட்டும் தன்னந்தனியாக அதில் உட்கார்ந்துகொண்டார். ஏசிக் காற்றில், முல்லைப் பூவுக்கு நடுவில், மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

மாமா இன்னும் பதுளையில்தான் இருக்கிறார். காரிலும் அதே கண்ணாடிதான். என் கல்யாணத்துக்குப் பிறகு, "கண்ணாடியே போச்சு, இனிப் பல்லு மட்டும் என்னத்துக்கு" என்று பல்லும் கட்டிக்கொண்டார். இப்போது முறுக்கைக் கடித்தே சாப்பிடுகிறார். ஹோர்ன் மட்டும் இன்னும் போடவில்லை. அதைப் போட்டுவிட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொழும்புக் கடைக்காரரிடமும் வெளியில் செய்த கண்ணாடியையே போடச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த நீலக் காரில் போனவள் வேறு எதைக் கேட்பாள்?

கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போகும் வழியில் முனியாண்டி கோயில் வளைவு வந்தது. நான் காரில் இருந்தால் அந்த இடத்தில் ஒரு நிமிசம் நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார், அது அவருடைய வழக்கம். அன்றைக்கும் நிறுத்தினார். நிறுத்தியவர் எடுக்கவில்லை. பின்னால் வேனில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"என்ன மாமா?"

"டூப்ளிகேட் டூப்ளிகேட்தான் புள்ள" என்றார் திரும்பிப் பார்க்காமல். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ரோடே தெரியல பாரு. எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆடுது."

எனக்கும் ரோடு தெரியவில்லை. கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா மாமா" என்றேன். "பின் சீட்ல இருந்து பாத்தாலும் அப்படித்தான் தெரியுது."

பாவம் அந்தக் கண்ணாடி. அதன் மேல் பழியைப் போட்டுக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் பதுளை வரைக்கும் போய்ச் சேர்ந்தோம்.