இன்னும் கொஞ்சம் ஊற்றுபவர்

சொந்தக் காருக்குச் சொந்தக் கையால் வைத்தியம் பார்ப்பவர் என்று மனிதரில் ஒரு தனி இனம் உண்டு. இவரைப் பார்க்க நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். விடுமுறை நாள் காலையில் உங்கள் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். எந்த வீட்டு வாசலில் ஒரு கார் கொட்டாவி விடுகிற மாதிரி பானட்டைத் திறந்துகொண்டு நிற்கிறதோ, அதற்குள் இடுப்பு வரை நுழைந்து, தோளில் கிழிந்த பனியன் துணியும் காதில் பென்சிலுமாக, எவர் தனக்குத்தானே "ம்… ம்…" என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாரோ, அவர்தான். பென்சில் எதற்கு என்று கேட்காதீர்கள். அவருக்கும் தெரியாது.

"என்ன சார், வண்டியில ஏதாவது கோளாறா?" என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். கோளாறு வந்த பிறகு பானட்டைத் திறப்பவன் பாமரன். இவர் வருமுன் காப்பவர். "ஆயில் கொஞ்சம் ஊத்தினேன். இன்னும் கொஞ்சம் ஊத்திரலாம்னு பாக்கறேன். கூட இருந்தா ஒண்ணும் ஆகாது" என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உலகத்தில் கெட்டுப்போன எஞ்சின்களில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில்தான் கெட்டுப்போயின.

இந்த இனத்தில் நமக்குத் தெரிந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். கடையில் அவரைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பதினெட்டு வருஷமாக வெள்ளைக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஊரையே அதட்டி வைத்திருக்கிறவர். "பக்கத்து வீட்டம்மா குடிச்ச சிரப் எனக்கும் குடுங்க" என்று வந்தால் அவ்வளவுதான். "அவங்க இருமல் வேற, உங்க இருமல் வேற! டாக்டரைப் பாத்துட்டு வாங்க!" மருந்தை வேறு புட்டியில் மாற்றி வைத்திருக்கிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால், அவருக்கு ரத்த அழுத்தமே ஏறிவிடும். லேபிளைப் படி, அளவைப் பார், தானாக எதையும் செய்யாதே. இந்த மூன்றையும் அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அந்த மனிதர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார் என்றால் வேறு ஆள். கைபேசியில் யாரோ ஒருவர் கார் பழுது பார்க்கும் படத்தை முக்கால்வாசி பார்த்துவிட்டு, மீதிக் கால்வாசியைத் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டு, வாசலுக்கு இறங்கிவிடுவார். காரோடு கொடுத்த கையேடு? அது இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே, கன்னி கழியாமல், டாஷ்போர்டில் கிடக்கிறது.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கொஞ்சம் படபடப்பு. மறுநாள் அவர் தன் அக்கா வீட்டுக்குப் போகிறார், மூன்று வருஷத்துக்குப் பிறகு.

மூன்று வருஷமாக ஏன் போகவில்லை? அதுவும் ஒரு கார் கதைதான். அக்காவும் அவர் கணவரும் இங்கே வந்து தங்கியிருந்தபோது, மருந்துக்கடைக்காரர் அவர்கள் காருக்கும் "சும்மா ஒரு பார்வை" பார்த்து அனுப்பினார். நாலாம் நாள், அக்கா தன் கணவரைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துக்கொண்டு போகும் வழியில், வண்டி புகையைக் கக்கி நடுரோட்டில் படுத்துவிட்டது. ஆபரேஷன் தேதி போய், அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதமாயிற்று. "உன் வீட்டுக்காரர் கைய வச்சதாலதான்டி" என்று அக்கா போனில் சொன்னார். "அவர் மேல பழி போடாதே. அவர் அளந்துதான் ஊத்தினேன்னு சொல்றார். அவர் பொய் சொல்லமாட்டார்" என்று தங்கை சொன்னார். பேச்சு தடித்தது. போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு ஒரு நல்ல நாளுக்குக்கூட இருவரும் பேசிக்கொள்ளவில்லை. போன வாரம்தான் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஞாயித்துக்கிழமை வாயேன்."

இவ்வளவு பெரிய பயணத்துக்குக் காரைத் தயார் செய்யாமல் விடலாமா? விடலாம். ஆனால் அவர் விடவில்லை.

கடைக்குப் போய்வந்து அப்போதுதான் நிறுத்திய கார். வாசல் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எஞ்சின் சூடு ஆறவில்லை. ஆயில் இன்னும் கீழே இறங்கி முடிக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்க்க வேண்டிய கம்பியை, துடைக்காமலே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடடா, குறையுதே!" ஊற்றினார். பிறகு இன்னும் கொஞ்சம். டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததை எதற்கு வைப்பானேன் என்று அதையும்.

சாயங்காலம் வண்டி ஆறிய பிறகு, எஞ்சினைக் குளிர்விக்கிற பழைய கூலன்ட்டை ரேடியேட்டரிலிருந்து அலுமினியப் பாத்திரத்தில் இறக்கினார். அதை அப்படியே வாசலில் வைத்துவிட்டு எழுந்தவரைப் பார்த்து மனைவி கேட்டார்.

"ஏங்க, அதை மூடாம வச்சா தெருநாய் வந்து நக்காதா? வாங்கின டப்பாவுல விஷம்னு எழுதியிருந்துச்சே."

"நாய்க்குத் தெரியும்."

"நாய்க்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு மனைவியே பழைய கேன் ஒன்றில் அதை ஊற்றி, இறுக மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்தார்.

புதுக் கூலன்ட் ஒரு பழரச பாட்டிலில் இருந்தது. காரின் முன்கண்ணாடி துடைக்கிற சோப்புத் தண்ணீரும் ஒரு பழரச பாட்டிலில் இருந்தது. இரண்டும் பச்சை. இரண்டிலும் அன்னாசிப்பழப் படம். மருந்துக்கடைக்காரரே, லேபிள் எங்கே? ஊருக்குத்தான் லேபிள். இவருக்கு ஞாபகம் இருக்கிறதே! ஞாபகத்தின்படி ரேடியேட்டருக்கு உரியதை முன்கண்ணாடித் தொட்டியிலும் அதற்கு உரியதை ரேடியேட்டரிலும் ஊற்றி, பானட்டை டமாரென்று மூடி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார், மாப்பிள்ளை முதுகில் தட்டுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். மனைவி மடியில் அக்காவுக்கு வாங்கிய பருத்திப் புடவை. வழியில் ஒரு லாரி சேற்றை வாரி அடித்தது. மருந்துக்கடைக்காரர் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சி வைப்பரை ஓட்டினார். கண்ணாடி முழுவதும் பிசுபிசுவென்று ஒரு படலம் பரவியது.

"என்னங்க இது, எண்ணெய் தேச்ச மாதிரி இருக்கு?"

"புது சோப்பு. அப்படித்தான் இருக்கும். போகப் போகத் தெளியும்."

தெளியவில்லை. அக்கா ஊரை நெருங்கும்போது சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். மனைவி அதைப் பார்த்துவிடாதபடி கையைச் சற்று நகர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஆனால் மூக்கை எதைக் கொண்டு மறைப்பது? கருகல் நாற்றம். பின்னால் நீலப் புகை. கடைசியில் பானட் இடுக்குகளிலிருந்து நுரை கிளம்பியது பாருங்கள், சலூன்காரர் கன்னத்தில் அப்புகிற மாதிரி வெள்ளை வெளேரென்று, பொங்கிப் பொங்கி, இரண்டு விளக்குகளுக்கும் தாடி முளைத்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். பானட்டைத் திறந்தார். நுரைக்கு நடுவே ரேடியேட்டர் மூடி கொதித்துக்கொண்டிருந்தது.

"அதைத் தொடாதீங்க. ஆறட்டும்" என்றார் மனைவி.

"ஆவி வெளியேறணும். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? நேத்துலேர்ந்து தெரியும் தெரியும்ங்கறீங்க. தள்ளி நில்லுங்க. நான் அக்காவுக்குச் சொல்லிட்டு வரேன்."

மனைவி போனோடு பத்தடி தள்ளிப் போன நேரம். இந்த இனத்துக்கு அந்தப் பத்தடி போதும். மருந்துக்கடைக்காரர் தோள்துணியை மடித்து மூடியின்மேல் போட்டார். மெல்லத் திருகினார். ஒரு கால் திருகுதான். உஸ்ஸென்று ஒரு சீற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் முகம் தப்பியது. வலது முன்கை தப்பவில்லை. அவர் போட்ட சத்தத்தில் மனைவி போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தண்ணி! தண்ணி ஊத்து! இருபது நிமிஷம் விடாம ஊத்தணும். ஐஸ் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்!" என்று கத்தினார் அவர். சொன்னது அத்தனையும் சரி. கைபேசிப் படத்தில் பார்த்ததில்லை, படித்துப் பாஸானது. தன் தொழிலில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று பாருங்கள்.

மனைவி குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கேனைச் சாய்த்துப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தார். ஐந்தாறு நிமிஷத்தில் அக்காவின் கார் வந்து நின்றது. மூன்று வருஷம் கழித்துச் சந்திக்கிற சகோதரிகள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்?

"கேனை எங்கிட்ட குடு. நீ அவர் கையைப் பிடி" என்றார் அக்கா. கொடுத்தார். அவ்வளவுதான்.

தண்ணீர் ஊற்றி முடிந்து, சுத்தமான துணியால் கையைத் தளர மூடிய பிறகு, அக்கா தன் காரிலிருந்து ஒரு ஜோடி கையுறையும் வெள்ளைத் துணியும் எடுத்துவந்தார். அன்று நடுரோட்டில் நின்றதிலிருந்து தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தார், கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து. மூடிப் பக்கமே போகவில்லை. இழுத்துப் போகும் வண்டிக்குச் சொல்லிவிட்டு, எஞ்சின் ஆறும்வரை இன்னொரு அரை மணி நேரம் மரநிழலில் உட்கார்ந்திருந்தார். ரோடு அங்கே சமதளமாக இருந்தது. ஆயில் கம்பியை உருவினார், துடைத்தார், மறுபடி முழுக்க விட்டு எடுத்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டிய ஆயில், மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது.

அக்கா நிமிர்ந்தார். கம்பியைத் தங்கையிடம் நீட்டினார். "அன்னிக்கு எங்க வண்டியிலயும் இதே அளவுதான் இருந்துச்சு. மெக்கானிக் காட்டினாரு."

மனைவி கம்பியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரருக்குக் கை எரிந்தது. அதைவிட அந்தப் பார்வை எரிந்தது. இப்போதும் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது: கம்பெனிக்காரன் கோட்டைத் தப்பான இடத்தில் போட்டிருப்பான் என்று. அதை விழுங்கினார்.

"அன்னிக்கு நான் அளக்கலை" என்றார். "ஊத்தினேன். மீதியையும் ஊத்தினேன். வண்டி நின்னுபோச்சுன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ எனக்காக அவங்ககிட்ட சண்டை போட்டுட்டிருந்தே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"மூணு வருஷம்ங்க" என்றார் மனைவி. குரல் உயரவேயில்லை. "எங்க அக்கா வீட்டுல மூணு வருஷம் நான் சாப்பிடலை."

"அக்கா, மன்னிச்சுருங்க" என்றார் அவர், மூத்தவரைப் பார்த்து. "உங்க வீட்டுக்காரர் கண்ணு…"

"கண்ணு நல்லா தெரியுது தம்பி. அதனாலதான் உங்களை வீட்டுல விட்டாலும் பானட்கிட்ட விடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்கார்."

முதலில் மனைவிக்குத்தான் சிரிப்பு வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத மாதிரி ஆரம்பித்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, நுரைத்தாடியோடு நிற்கிற காரைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அக்கா தோளில் சாய்ந்துகொண்டார். பிறகு இருவரும் சேர்ந்துகொண்டு அவரை ஏசினார்கள். அசகாய சூரன், அறிவாளி, அரைவைத்தியன் என்று ஆளுக்கொரு பட்டம். மூன்று வருஷப் பாக்கியெல்லாம் அவர் தலையில் இறங்கிற்று. அவர் கட்டிய கையோடு நின்று கேட்டுக்கொண்டார். வேறு வழி?

காரை ஓட்டக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். இழுத்துப் போகும் வண்டி வந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். கொப்புளம் ஆற மூன்று வாரமாயிற்று. ரேடியேட்டரை நாலு தடவை அலசிய பிறகும் ஒர்க்‌ஷாப்பில் சோப்பு வாசனை போகவில்லையாம். இப்போதெல்லாம் அவர் மனைவிதான் மாதம் ஒரு தரம், சமதளமான இடத்தில், ஆறின எஞ்சினில், கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்க்கிறார். அவர் தள்ளி நின்று டார்ச் பிடிக்கிறார். பேச அனுமதி இல்லை.

கதை முடிந்தது. போவதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அக்கா அரை மணி நேரம் காத்திருந்தார் என்று படித்தபோது, "அரை மணி பத்தாதே, நானா இருந்தா…" என்று உங்கள் உதடு அசைந்ததா? இல்லையா? சரி, நம்புகிறேன். ஆனால் எதற்கு இப்போது எழுந்து கார் சாவியைத் தேடுகிறீர்கள்?