இரவல் குதிரையும் இரண்டு மாமன்களும்

தாய்மாமன் பதவிக்குத் தேர்வும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. கூடப் பிறந்தவளுக்குக் குழந்தை பிறந்த அன்றே வேலை நிரந்தரம். அதனால்தான் என்னைப் போன்றவர்களும் அந்தப் பதவிக்கு வந்துவிடுகிறோம்.

பெரம்பலூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா பூங்கொடியை அரியலூர் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்குச் சிறுவாச்சூர் கோயிலில் காது குத்துவதாகப் பேசி முடித்தார்கள். வம்பு அக்காவின் ஓரகத்தி ரூபத்தில் வந்தது. அத்தானுடைய அண்ணன் மனைவி. முந்தின வருடம்தான் அந்த வீட்டில் காதுகுத்து நடந்து, அந்தம்மாவின் தம்பி இரண்டு டிராக்டர் நிறையச் சீர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். செண்டை மேளம் வேறு. அன்றிலிருந்து அந்தம்மா வாயைத் திறந்தால் டிராக்டர்தான்.

ஒரு நாள் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தம்மா கேட்டது: "ஒன் தம்பி எதுல வரப்போறாரு பூங்கொடி? பஸ்லயா?"

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ (அன்று கோழிக்குழம்பில் காரம் அதிகம்), "குதிரையில வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

இலையை எடுப்பதற்குள் அக்கா சொந்தபந்தம் முழுக்கப் போன் போட ஆரம்பித்துவிட்டாள். "என் தம்பி குதிரையில வரான்!" அவள் குரலில் அப்படியொரு பூரிப்பை அவள் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை. இனிமேல் முடியாது என்று எப்படிச் சொல்வது? நானோ பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்தால்கூட ஓட்டுகிறவன் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

ரஞ்சன்குடியில் காதர் பாய் என்று ஒருவர் விசேஷங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். அவர் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தபோது அதிலிருந்த பேரப்பிள்ளைகளின் படங்களை மீட்டுக் கொடுத்தவன் நான். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு நாளைக்கு இரவலா எடுத்துக்கங்க தம்பி. ஆனா மொதல்ல வந்து ஏறிப் பாருங்க. ஒங்களுக்கு அவனப் புடிக்கணும், அவனுக்கு ஒங்களப் புடிக்கணும்" என்றார். (எனக்குப் பெண் பார்த்தபோதுகூட யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசவில்லை.)

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. காதுகுத்தன்று வேட்டியில்தான் ஏற வேண்டும். ஆகவே ஒத்திகையும் வேட்டியில்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம் சகிதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். பாயும் சளைத்தவர் இல்லை. "பாக்குறதுதான் பாக்குறோம், முழுசாப் பாத்துருவோம்" என்று குதிரைக்கு நெற்றிச்சுட்டி, காலுக்குச் சலங்கை எல்லாம் கட்டி நிறுத்தியிருந்தார். குதிரையின் பெயர் சுல்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, பாய் பின்னாலிருந்து தள்ள, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். கீழேயிருந்து பார்க்கும்போது குதிரை அவ்வளவு உயரமாகத் தெரிவதில்லை.

"பிரேக் எது பாய்?"

"இந்தக் கயித்த இழுங்க, நிப்பான்."

"நிக்கலன்னா?"

"நிப்பான் தம்பி. மாஷா அல்லா, கொழந்த மாதிரி."

குழந்தை மாதிரிதான் நடந்தது. ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்தபடி மண் பாதையில் ஒரு சுற்று வந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தக் கோட்டையே எனக்காகத்தான் கட்டியது என்பதுபோல ஒரு நினைப்பு. அப்போது பாய்க்குப் போன் வந்தது. (நான் பழுது பார்த்துக் கொடுத்த அதே போன்.) பிடித்திருந்த கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போனார்.

சாலைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. சுல்தானின் இரண்டு காதும் விறைத்து நின்றன.

யாரோ ஒரு வீட்டுக் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் மேளக்காரர்கள், அடுத்து மாமன், பின்னால் தட்டுத் தூக்கிய பெண்கள், கடைசியில் ஒரு கிடா. சுல்தான் நேராக ஓடிப் போய் மாமனுக்கு முன்னால் நின்றுகொண்டான். பதறிப்போய்க் கயிற்றை இழுத்தேன். ஆட ஆரம்பித்தான். மேளம் இல்லாதபோது இழுத்தால் நிற்க வேண்டும், மேளம் அடிக்கும்போது இழுத்தால் ஆட வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். பாய் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தார்.

குதிரையைக் கண்ட மேளக்காரர்களுக்கு வெறி வந்துவிட்டது. அவர்கள் அடிக்க அடிக்க இவன் ஆட, இவன் ஆட ஆட நான் இழுக்க, அப்படியே பந்தல் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தியதை உற்சாகக் கூச்சல் என்று நினைத்து விசில் அடித்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள். எட்டவில்லை என்று ஒருவர் நாற்காலி போட்டு ஏறி என் கழுத்தில் மாலையைப் போட்டார். பட்டு வேட்டி, சந்தனம், குதிரை. இத்தனை இருக்கும்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்?

பார்க்கிற ஆள் பின்னாலேயே வந்தார்.

"மச்சான்! யாருய்யா இவன்?"

நிஜமான மாமன். செல்வராசு என்று பெயர். தூண் மாதிரி ஆள், வேர்த்து வடிய நின்றார். குழந்தையின் அப்பா விழித்தார். "நீ ஏற்பாடு பண்ணுன ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"நடந்து வர்ற மாமன் ஒங்க கண்ணுக்குத் தெரியல, இல்ல? எனக்குப் போடவேண்டிய மால எவன் கழுத்துலயோ தொங்குது. தட்டெல்லாம் திருப்புங்கம்மா, வூட்டுக்குப் போவோம்!"

மேளம் நின்றது. தட்டுகள் உண்மையிலேயே திரும்பின. இடுப்பில் குழந்தையோடு அவருடைய தங்கை ஓடி வந்தாள். "போவாதண்ணே. நீ மடியில வெச்சுக்காம எப்படிண்ணே காது குத்துறது?" அவள் முகத்தைப் பார்த்தேன். பஸ்லயா என்று கேட்டபோது என் அக்கா முகம் சுருங்கியது அப்படியேதான். இறங்கிப் போய் அந்த மனிதர் காலில் விழலாம் என்றால் இறங்கத் தெரியவில்லை.

குதிரை மேலிருந்தே கும்பிட்டேன். "அண்ணே, மன்னிச்சுருங்க. எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாது, எறங்கவும் தெரியாது. எங்க அக்கா மவ காதுகுத்துக்காகப் பழகிட்டிருந்தேன். என்னைய யாராச்சும் எறக்கி வுட்டா, நான் பாட்டுக்குப் போயிருவேன்."

அதற்குள் ஒரு மேளக்காரருக்குக் கை பொறுக்காமல் ஒரே ஒரு அடி விழுந்துவிட்டது. சுல்தான் ஒரு ஆட்டம் போட்டான். நான் அலறிக்கொண்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

முதலில் சிரித்தது செல்வராசுதான். "எறக்குங்கய்யா! அக்கா மவ காது குத்துற வரைக்குமாவது இவன் உசுரோட இருக்கணும்ல?"

நாலு பேர் சேர்ந்து உர மூட்டையை இறக்குவதுபோல இறக்கினார்கள். வேட்டி மட்டும் குதிரை மேலேயே தங்கிவிட்டது. (உள்ளே கட்டம் போட்ட அரைக்கால் டவுசர். அதுவும் யாரோ செல்போனில் எடுத்த வீடியோவில் இருக்கிறது.) இதற்குள் காதர் பாய் மூச்சு வாங்க ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். செல்வராசு என் கழுத்து மாலையைக் கழற்றித் தானே போட்டுக்கொண்டு, ஒரே தாவலில் குதிரை மேல் உட்கார்ந்தார். சீர் தெருமுனைக்குத் திரும்பிப் போய், முதலிலிருந்து ஆரம்பித்து, கம்பீரமாக வந்து சேர்ந்தது. எனக்கு முதல் பந்தியில் கறிச்சோறு போட்டார்கள்.

பாதிச் சோற்றில் அக்காவின் போன். அந்த வீடியோவை யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, அது அரியலூர் வரை போய்விட்டது. அக்காவுக்கு அனுப்பியது ஓரகத்தி.

"டேய், யாரு பொண்ணுக்குடா மாமனாப் போயி நிக்கிற?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "என் மவளுக்கு வர்றேன்னுட்டு, ஊரு பேரு தெரியாத புள்ளைக்கு ஏறிட்டியேடா" என்று அழுதேவிட்டாள்.

இருந்தாலும் இனிமேல் அந்தக் குதிரை மேல் நான் ஏறுவதாக இல்லை. சொன்ன சொல்லுக்காகக் காதுகுத்தன்று சிறுவாச்சூரில் பாய் வெறும் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் நான் தட்டோடு தலையைக் குனிந்து நடந்தேன். மரியாதைக்கு அழைத்திருந்த செல்வராசு கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்தார். "வெறும் குதிர போனா நல்லாவாய்யா இருக்கும்?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். மேளம் முழங்கியது, சுல்தான் ஆடினான், எதிரே வந்த பெண்கள் அவருக்கே ஆரத்தி எடுத்தார்கள். மாலையும் அவர் கழுத்துக்கே போனது. அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

யாழினி முதலில் என் மடியில்தான் உட்கார்ந்தாள். இடது காதில் குத்தியதும் என் கையைக் கடித்துவிட்டு, நான் வேண்டாம், குதிரை மாமாதான் வேண்டும் என்று வீரிட்டாள். வலது காது செல்வராசு மடியில் நடந்தது.

ஓரகத்தி மெதுவாக, "இதென்ன கூத்து, ரெண்டு பேரு?" என்றது.

"ஆமாங்கக்கா. ஒங்களுக்கு ரெண்டு டிராக்டர், எங்களுக்கு ரெண்டு மாமன்" என்றாள் என் அக்கா.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அடிக்கடி ஒரு காதுக் கம்மலைத் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறாள். அக்கா முதலில் கேட்பது, "எந்த மாமன் காதுடி?"

பெரும்பாலும் என் காதுதான்.